அமெரிக்கப் பதக்கங்கள் எங்கே விளைகின்றன? மாநிலப் பல்கலைக்கழக விளையாட்டு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒலிம்பிக் தொடங்கிவிட்டால் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பேச்சு தவறாமல் வரும். "அமெரிக்க அரசாங்கம் விளையாட்டுக்குக் கோடி கோடியாகக் கொட்டுது, அதான் பதக்கம் குவிக்குது" என்பார் ஒருவர். "அங்கேயும் நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரிதான், காலேஜில் சீட் கொடுத்து வளர்க்கிறாங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

அமெரிக்க ஒன்றிய அரசில் விளையாட்டுக்கென்று ஓர் அமைச்சகமே கிடையாது. அந்த நாட்டு ஒலிம்பிக் கமிட்டி ஒளிபரப்பு வருமானம், விளம்பரதாரர்கள், நன்கொடை ஆகியவற்றில் ஓடுகிறது. அப்படியானால் இத்தனை வீரர்களை யார் சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை தாங்கிப் பிடிக்கிறார்கள்? அமெரிக்க அணியில் யாருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: "இன்ன ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்தவர்." நாம் அதைப் படிப்புத் தகுதி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். கேள்விக்கான விடை அந்த வரியில்தான் இருக்கிறது. அணியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கல்லூரி விளையாட்டு வழியாக வந்தவர்கள்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம். துணைக்கு முக்கியமாக இரண்டு பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கான்சஸ் ஸ்டேட். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் படித்த இடம். இன்னொன்று டென்னசி ஸ்டேட். காசே இல்லாமல் ஒரு பயிற்சியாளர் உலகச் சாம்பியன்களை உருவாக்கிய இடம்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்பது எது?

மாநில அரசு நிறுவி, மாநில அரசின் பணத்தையும் மாணவர் கட்டணத்தையும் வைத்து நடத்தும் பல்கலைக்கழகம்தான் மாநிலப் பல்கலைக்கழகம். இதில் புதிதாக ஒன்றுமில்லை, நம் ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் இவற்றில் பல முளைத்த கதைதான் வேறு.

1862-இல் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் ஒன்றிய அரசு நிலம் கொடுக்கும். அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரி தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டே, 1863-இல், மன்ஹாட்டன் என்ற சின்ன ஊரில் கான்சஸ் மாநிலம் ஒரு வேளாண் கல்லூரியைத் தொடங்கியது. (நியூயார்க்கில் இருக்கும் மன்ஹாட்டன் வேறு.) அதுதான் இன்றைய கான்சஸ் ஸ்டேட்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். "யுனிவர்சிட்டி ஆஃப் கான்சஸ்" வேறு, "கான்சஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி" வேறு. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான், ஆனால் இரண்டும் பரம வைரிகள். தட்டு எறிதலில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆல் ஓர்ட்டரும், 1964 டோக்கியோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்ற பில்லி மில்ஸும் முதலாவதைச் சேர்ந்தவர்கள். 1996 அட்லாண்டாவில் 18.09 மீட்டர் பாய்ந்து மும்முறைத் தாண்டலில் தங்கம் வென்ற கென்னி ஹாரிசன் இரண்டாவதைச் சேர்ந்தவர். மிச்சிகனுக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் இடையிலும் இதே கதைதான். பெயரில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் சங்கம்

கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டை நடத்துவது அரசாங்கம் இல்லை. என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். கல்லூரிகளே சேர்ந்து உருவாக்கியது, 1906-இல் தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உறுப்பினர்கள்.

இந்தக் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறார்கள். டிவிஷன் ஒன்று பெரிய அணிகளுக்கு. நாம் டிவியில் பார்ப்பது, ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் வருவது அங்கிருந்துதான். டிவிஷன் இரண்டு நடுத்தரம். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. படித்துக்கொண்டே ஆசைக்கு விளையாடுபவர்கள் அங்கே இருப்பார்கள். "என் பையனுக்கு அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது கட்டணம் கேட்டால், எந்த டிவிஷன் என்று முதலில் கேளுங்கள்.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மாநில அரசு பல்கலைக்கழகத்தை நடத்துகிறது, கல்லூரிகளின் சங்கம் போட்டிகளை நடத்துகிறது, ஒன்றிய அரசின் விளையாட்டுத் துறை என்று நடுவில் யாரும் இல்லை.

கோட்டா இல்லை, ஒப்பந்தம்

நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைப்பது சீட். மார்க் கொஞ்சம் குறைந்தாலும் மாவட்ட, மாநில அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் இடம் கிடைக்கும். சேர்ந்த பிறகு கல்லூரி அணியில் ஆடுகிறாரா இல்லையா என்பது பல இடங்களில் யாருக்கும் கவலையில்லை. சான்றிதழ் நேற்றைய சாதனைக்குச் சாட்சி, சீட் அதற்குப் பரிசு.

அமெரிக்காவில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பணம் கொடுப்பது நாளைய சாதனைக்கு. பயிற்சியாளரே பள்ளி மைதானங்களைச் சுற்றி ஆள் பிடிக்கிறார். இப்போது அந்த வேலையில் பாதி இணையத்தில் நடக்கிறது. பிடித்த வீரருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்: கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம். பதிலுக்கு அந்த வீரர் தினமும் பயிற்சிக்கு வந்து பல்கலைக்கழகத்தின் நிறத்தைப் போட்டுக்கொண்டு போட்டியிட வேண்டும். பாடத்திலும் தேற வேண்டும். குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால் களத்தில் இறங்க முடியாது.

2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் தேஜஸ்வின் 2.26 மீட்டர் தாண்டி தேசியச் சாதனையையே முறியடித்தார். அடுத்த ஆண்டே கான்சஸ் ஸ்டேட்டில் ஸ்காலர்ஷிப்பில் இருந்தார். அந்தப் பயிற்சியாளர் கிளிஃப் ரொவெல்டோவுக்கு வேண்டியிருந்தது சான்றிதழ் இல்லை, இன்னும் சில சென்டிமீட்டர் உயரப் போகக்கூடிய கால்கள். 2018 ஏப்ரலில் டெக்சாஸில் நடந்த ஒரு போட்டியில் தேஜஸ்வின் தாண்டியது 2.29 மீட்டர்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு, 2025 வரை இருந்த விதிப்படி, 85 முழு ஸ்காலர்ஷிப். (இது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். இனி ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.) ஆண்கள் தடகளத்துக்கு எத்தனை தெரியுமா? 12.6. ஓட்டம், தாண்டுதல், எறிதல், கிராஸ் கன்ட்ரி எல்லாம் சேர்த்து இவ்வளவுதான். அணியில் நாற்பது பேர் இருந்தால் பயிற்சியாளர் இதை அறுத்து அறுத்துப் பங்கு போட வேண்டும். ஒரு தாண்டுதல் வீரருக்கு முழுசு, ஒரு ஓட்டக்காரருக்குப் பாதி, குண்டு எறிபவருக்குக் கால், இன்னொருவருக்குப் புத்தகச் செலவு மட்டும். "அமெரிக்காவில் ஃபுல் ஸ்காலர்ஷிப்பாம்" என்று நாம் சொல்லும்போது, தடகளத்தில் அது எத்தனை பேருக்குக் கிடைத்த பாக்கியம் என்பதை இந்த 12.6 சொல்லிவிடும். பெண்கள் தடகளத்துக்கு 18.

ஸ்காலர்ஷிப் ஒன்றும் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று அணியின் வாசலில் வந்து நிற்பவருக்கு வாக்-ஆன் என்று பெயர். கான்சஸ் ஸ்டேட்டின் ஜோர்டி நெல்சன் அப்படி வந்தவர்தான். பக்கத்து ஊரான ரைலியில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஃபுட்பால் அணியில் முதலில் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்தார், பிறகு பந்து பிடிப்பவராக மாற்றினார்கள். கடைசி ஆண்டில் 122 முறை பந்து பிடித்தார். 2008-இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை எடுத்தது. 2011 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் என்ற தொழில்முறை ஃபுட்பால் இறுதி ஆட்டத்தை அந்த அணி வென்றபோது ஒன்பது முறை பந்து பிடித்து 140 கெஜம் முன்னேறினார். ஒதுக்கீட்டு முறையில் இப்படி ஒருவருக்குக் கதவே கிடையாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த கதவு இதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பழைய கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த அண்ணன் மட்டும் சம்பாதிக்கிறார். தம்பி தங்கைகள் படிக்கிறார்கள், ஒருத்தி பாட்டு கற்றுக்கொள்கிறாள். அண்ணன் சம்பளம் வந்தால் எல்லோருடைய ஃபீஸும் கட்டியாகிவிடும். வீட்டில் எந்த முடிவும் அண்ணனைச் சுற்றித்தான். அவருக்கு வேலை போனால் முதலில் நிற்பது கடைசித் தங்கையின் பாட்டு வகுப்பு.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அந்த அண்ணன் ஃபுட்பால். டிக்கெட், டிவி உரிமை, பழைய மாணவர்களின் நன்கொடை எல்லாம் அதை நோக்கித்தான் வரும். ஆண்கள் கூடைப்பந்து ஓரளவு சம்பாதிக்கும் இரண்டாவது பிள்ளை. தடகளம், நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவை செலவு மட்டும் வைப்பவை. ஆனால் ஒலிம்பிக்கில் அமெரிக்கா பதக்கம் குவிப்பது இந்தச் செலவு வைக்கும் பிள்ளைகளால்தான். ஒலிம்பிக்கில் இடமே இல்லாமலிருந்த ஒரு விளையாட்டின் வருமானம் ஒலிம்பிக் விளையாட்டுகளை வளர்க்கிறது என்றால் நம்ப முடியவில்லை அல்லவா? ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களில் நடப்பது அதுதான். சின்னப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்பாலும் நட்டத்தில் ஓடும். மாணவர் கட்டணத்திலிருந்து சரிக்கட்டுவார்கள்.

கான்சஸ் ஸ்டேட்டின் ஃபுட்பால் அணி 1986-லிருந்து 1988 சீசன் முடியும்வரை தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒன்று மட்டும் சமன். பில் ஸ்னைடர் என்ற பயிற்சியாளர் வந்தபின்தான் நிலைமை மாறியது. 1998-இல் அதே அணி பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையில் நாட்டின் முதலிடத்துக்குப் போனது. இன்று மைதானத்துக்கே அவர் குடும்பத்தின் பெயர்.

சம்பாத்தியம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் ஹோசே ஸ்டேட் சாட்சி. கலிஃபோர்னியாவில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம். பட் வின்டர் என்ற பயிற்சியாளரின் காலத்தில் அதற்கு "வேக நகரம்" என்றே பெயர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.83 விநாடியில் வென்ற டாமி ஸ்மித், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸ், 400 மீட்டரை 43.86 விநாடியில் வென்ற லீ எவன்ஸ் மூவரும் அங்கே ஓடியவர்கள். பதக்க மேடையில் ஸ்மித்தும் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்திய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் 1988-இல் செலவைக் காரணம் காட்டித் தன் தடகள அணியையே கலைத்தது. 2005-இல் அந்த இருவருக்கும் வளாகத்தில் சிலை வைத்தபோது அங்கே ஆண்கள் தடகள அணி இல்லை. மறுபடி தொடங்குகிறோம் என்று அறிவித்தது 2016-இல்தான். இதை எந்தச் சமாதானம் சொன்னாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆக, அரசாங்கம் நேரடியாக விளையாட்டுக்குக் கொட்டுவதில்லை. ஒரு விளையாட்டு சம்பாதித்து மற்றவற்றைத் தாங்குகிறது, குறைந்தால் மாணவர் கட்டணம் தாங்குகிறது, அதுவும் முடியாதபோது அணி கலைகிறது.

ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம்

கல்லூரி அணியில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்க முடியாது. டிவிஷன் ஒன்றில் வெகுகாலமாக இருந்துவரும் விதி: சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்குள் நான்கு சீசன் போட்டியிடலாம். இதற்குத்தான் தகுதிக் காலம் என்று பெயர். ஒரு சீசன் முழுக்கப் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தால் அந்த சீசன் கணக்கில் சேராது. காயம் ஆறவோ, உடம்பு தேறவோ அப்படி நிறுத்திவைப்பதை ரெட்ஷர்ட் என்பார்கள். 2020-இல் கொரோனாவால் போட்டிகள் நின்றபோது பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 2018-இல் முதல் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற தேஜஸ்வின், 2022-இல் இரண்டாவது பட்டத்தையும் வென்றது இந்த ஏற்பாடுகளுக்குள்தான்.

"இன்ன பல்கலைக்கழகத்தில் படித்தவர்" என்ற வரியை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியதும் இதனால்தான். படித்தவர் என்றால் பட்டம் வாங்கியவர் என்று பொருள் இல்லை. கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் மிச்சிகன் ஸ்டேட்டில் இரண்டே ஆண்டு ஆடி, 1979-இல் தேசியப் பட்டம் வென்று கொடுத்துவிட்டு, தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். மைக்கேல் ஃபெல்ப்ஸ் கதை இன்னும் வேறு. அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வகுப்புகளுக்குப் போனார், ஆனால் அதற்காக ஒரு போட்டியில்கூட நீந்தவில்லை. பதினாறு வயதிலேயே விளம்பர ஒப்பந்தம் செய்துகொண்டதால், அன்றைய விதிப்படி கல்லூரி அணியில் அவருக்கு இடம் கிடையாது. அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார், ஃபெல்ப்ஸும் கூடவே போனார். மாணவர் பட்டியலில் ஃபெல்ப்ஸ் பெயரைப் பார்த்துவிட்டு "மிச்சிகன் உருவாக்கிய வீரர்" என்று எழுதினால் தவறாகிவிடும்.

அந்த போமன் யார்? ஃப்ளோரிடா ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அணியில் நீந்தியவர். பிறகு அரிசோனா ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே அவரிடம் வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பையன் லியோன் மர்ஷான், 2024 பாரிஸில் நான்கு தனிநபர் தங்கம் வென்றார். பதக்கப் பட்டியலில் அது பிரான்ஸ் கணக்கு. தண்ணீரும் பயிற்சியும் அரிசோனாவுடையவை.

பயிற்சியாளர்: பட்டியலின் நிஜமான கதாநாயகர்

வீரர் நான்கைந்து ஆண்டில் போய்விடுவார். பயிற்சியாளர் இருப்பார். அவரிடம் ஓடியவர்களில் ஒருவர் படிப்பை முடித்துவிட்டு முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராகச் சேர்வார். பிறகு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தலைமைப் பயிற்சியாளர் ஆவார். ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பட்டியலில் வீரர்களும் பயிற்சியாளர்களும் கலந்து இருப்பதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான்.

இதற்கு எட் டெம்பிளைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்காக 1912-இல் திறந்த மாநிலக் கல்லூரிதான் இன்றைய டென்னசி ஸ்டேட். டெம்பிள் அங்கே ஓட்டக்காரராக வந்து படித்தவர். 1950-இல் படிப்பு முடிந்ததும் பெண்கள் அணியின் பயிற்சியாளராகச் சொன்னார்கள். சம்பளம் மாதம் 150 டாலர். அதற்கு வளாகத் தபால் நிலையத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகலையும் படித்துக்கொண்டிருந்தார்.

அணிக்குப் பெயர் டைகர்பெல்ஸ். அந்தக் காலத்தில் பெண் வீராங்கனைகளுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. வளாகத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். போட்டிக்கு வெளியூர் போவதென்றால் டெம்பிளின் சொந்தக் காரில் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் தென் மாநில ஓட்டல்கள் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு பரிமாறாது, கழிவறையைத் திறந்து விடாது. கையோடு கட்டிக்கொண்டு போனதைத்தான் சாப்பிட வேண்டும்.

கோடையில் டெம்பிள் பள்ளி மாணவிகளை வளாகத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுப்பார். அப்படி வந்தவர்களில் ஒருத்தி, சின்ன வயதில் போலியோ தாக்கிக் காலில் இரும்புப் பட்டை போட்டு நடந்த வில்மா ருடால்ஃப். டெம்பிளிடம் ஒரு விதி உண்டு: பயிற்சிக்கு எத்தனை நிமிடம் தாமதமோ அத்தனை சுற்று கூடுதலாக ஓட வேண்டும். ஒரு நாள் அரை மணி நேரம் தூங்கிவிட்ட வில்மா முப்பது சுற்று ஓடினார் என்பதை இன்றும் சொல்வார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் வில்மா 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றார். அந்தத் தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வருமே, மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா, டென்னசி ஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள். அமெரிக்க ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓடியது உண்மையில் ஒரு கல்லூரி அணி. அடுத்து வந்த வயோமியா டயஸ் 1964-லும் 1968-லும் 100 மீட்டரை வென்றார். அந்தத் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் மனிதர் அவர்தான், ஆண்களையும் சேர்த்து.

டெம்பிள் 44 ஆண்டு அதே இடத்தில் இருந்தார். அவரிடம் பயின்றவர்களில் 40 பேர் ஒலிம்பிக் போனார்கள், 23 பதக்கம் வாங்கினார்கள். அந்த 40 பேரில் 39 பேர் பட்டம் பெற்றவர்கள். பதக்க எண்ணிக்கையைவிட இந்த 39-ஐத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், எனக்கும் அதுதான் பெரிதாகப் படுகிறது. அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் பதக்கம் சோறு போடவில்லை, பட்டம் போட்டது.

1972-இல் ஒரு சட்டம் வந்தது. ஒன்றிய அரசின் பணத்தைப் பெறும் கல்வி நிறுவனம் எதிலும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அது டைட்டில் நைன் என்று பெயர் பெற்றது. விளையாட்டைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டாலும், பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் ஸ்காலர்ஷிப் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது. அமெரிக்கப் பெண்கள் இன்று ஒலிம்பிக்கில் ஆண்களுக்குச் சமமாகப் பதக்கம் வெல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

கான்சஸ் ஸ்டேட்டின் ரொவெல்டோவும் நெடுங்காலம் ஒரே இடத்தில் வேரூன்றியவர்தான். உயரம் தாண்டுதலும், பல போட்டிகளை ஒருவரே செய்யும் ஹெப்டத்லான், டெகத்லானும் அவருடைய கை தேர்ந்த துறைகள். லித்துவேனியாவிலிருந்து வந்து அவரிடம் படித்த அவ்ஸ்த்ரா ஸ்குயிட்டே 2004 ஏதென்ஸில் ஹெப்டத்லான் வெள்ளி வென்றார். எரிக் கைனார்ட் மாணவராக இருந்தபோதே 2012 லண்டனில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்றார். ரஷ்ய வீரர் ஊக்கமருந்தால் பதக்கத்தை இழந்தபின் அது தங்கமானது. உயரம் தாண்டப் போன தேஜஸ்வின் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் டெகத்லானில் 7666 புள்ளியுடன் தேசியச் சாதனை படைத்து வெள்ளி வென்றது எப்படி என்று வியந்தவர்கள், அவர் யாரிடம் பயின்றார் என்பதைப் பார்த்தால் போதும்.

இரண்டு நாட்காட்டி மோதும்போது

இந்த ஏற்பாட்டில் நம் வீரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஸ்காலர்ஷிப் கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஜூன் மாத என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டிதான் எல்லாமும். இந்தியத் தேசிய அணித் தேர்வோ இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் நாட்காட்டிப்படி நடக்கும்.

2022 ஜூனில் இரண்டும் மோதின. ஓரிகான் மாநிலம் யூஜீனில் தேஜஸ்வின் 2.27 மீட்டர் தாண்டிப் பட்டம் வென்றார். காமன்வெல்த் போட்டிக்குக் கூட்டமைப்பு வைத்திருந்த தகுதி உயரமும் அதேதான். ஆனால் அதே நாட்களில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் கலந்துகொள்ளாததால் அணியில் பெயர் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு பர்மிங்காம் போனார். 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். காமன்வெல்த்தில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவரை இரண்டு ஏற்பாடுகள் ஒரே வாரத்தில் கேட்டால் இப்படித்தான் ஆகும். வெளிநாட்டுக் கல்லூரியில் இருக்கும் வீரர்களுக்கு எழுத்தில் ஒரு விதிவிலக்கு இருந்துவிட்டால் நீதிமன்றம் போகும் வேலை மிச்சம்.

இப்போது மாறிக்கொண்டிருப்பது

நூறு ஆண்டுக்கு மேல் இந்த ஏற்பாட்டின் அடிக்கல், கல்லூரி வீரர் காசு வாங்கக் கூடாது என்பதுதான். அண்ணன் சம்பாதிப்பார், ஆனால் அவர் கையில் பத்துப் பைசா தர மாட்டார்கள். ஃபுட்பால் பயிற்சியாளர்கள் பல லட்சம் டாலர் வாங்க, மைதானத்தில் அடிபடும் பையனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும். இது நியாயமில்லை என்ற வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். கூடவே அந்த 85, 12.6 போன்ற ஸ்காலர்ஷிப் வரம்புகளும் போயின. அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு: ஃபுட்பாலுக்கு 105, தடகளத்துக்கு 45. இந்த உடன்பாட்டுக்குள் வந்த பல்கலைக்கழகம் நினைத்தால் 45 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனால் பெரும்பணம் ஃபுட்பால் வீரர்களுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருப்பதில்தான் தடகளமும் நீச்சலும். ஆள் வரம்பு வந்ததால் நெல்சன் போல வாசலில் வந்து நிற்பவர்களுக்கான இடமும் சுருங்குகிறது.

மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் புதுப் பணத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. அவர்களுக்கு ஸ்காலர்ஷிப்தான் எல்லாமே. அதனால் தடகளத்திலோ நீச்சலிலோ நல்ல நேரமும் தூரமும் கையில் வைத்திருக்கும் ப்ளஸ் டூ மாணவர், ஒன்பதாம் வகுப்பிலிருந்தான மதிப்பெண் சான்றுகளை எடுத்துவைத்துக்கொண்டு, என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளி முடித்தபின் சேர்வதைத் தள்ளிப்போட்டால் ஆடக்கூடிய சீசன்கள் குறையலாம். பயிற்சியாளருக்கு எழுதும் மின்னஞ்சலில், "இந்த ஆண்டு உங்கள் தடகள அணிக்கு எத்தனை ஸ்காலர்ஷிப், அதில் என் பிரிவுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு உறுதி" என்று நேரடியாகக் கேட்கலாம். அங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.